கானின் மார்பில் தொங்கும் உடைந்த சின்னம்

வேடமும் அணியும்: வாசகர் கேள்வி பதில்
பதில் தருபவர்: கூத்து உடுப்பும் அணிகலனும் செய்யும் கலைஞர், ஆரையம்பதி

கேள்வி: ஐயா, ஸ்டார் ட்ரெக் என்ற விண்வெளிக் கதைத் தொடரில் 1982இல் வெளியான இரண்டாவது படத்தை மகனோடு இருந்து பார்த்தேன். வில்லன் கானின் திறந்த மார்பில் ஓர் உலோகத் துண்டு தொங்குகிறது. கதாநாயகன் கேர்க்கின் ஆட்கள் அணியும் சின்னத்தைப் போலவே இருக்கிறது. எதிரியின் சின்னத்தை வில்லன் ஏன் அணிய வேண்டும்? படத்தில் ஒருவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லையே?
(வாசகி, களுவாஞ்சிகுடி)

பதில்: தங்கச்சி, பலர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வெடித்த விண்கப்பல்களைப் பற்றியும் கேர்க்கின் நண்பன் ஸ்பொக்கின் மரணத்தைப் பற்றியும்தான் பேசுவார்கள். உங்கள் கண் அந்தத் துண்டில் நின்றதே எனக்குப் பெரிய சந்தோஷம். வில்லன்களுக்கென்று செய்யப்பட்ட அணிகளில் என் மனத்தில் முதலிடம் அதற்குத்தான்.

நீங்கள் நினைத்தது சரி. அது கேர்க் பணிபுரியும் விண்வெளிப் படையான ஸ்டார்ஃப்ளீட்டின் சின்னம்தான். ஆனால் முழுமையாக இல்லை, உடைந்திருக்கிறது. காரணம் தெரிய வேண்டுமானால் பதினைந்து ஆண்டுகள் பின்னால் போக வேண்டும். 1967 பெப்ரவரி 16ஆம் திகதி ஒளிபரப்பான ஸ்டார் ட்ரெக் தொலைக்காட்சித் தொடரின் அத்தியாயம் ஒன்றில்தான் கான் முதலில் வருகிறான். கதைப்படி அவன் மரபணுத் தேர்வால் உருவாக்கப்பட்டவன். 1990களில் உலகின் கால்பங்குக்கு மேல் ஆண்டு, பிறகு தோற்று, தன் ஆட்களோடு பொட்டனி பே என்ற கப்பலில் உறக்க நிலையில் தப்பி ஓடியவன். கேர்க்கின் கப்பலான எண்டர்பிரைஸ் அவனைக் கண்டெடுத்து எழுப்புகிறது. எண்டர்பிரைஸின் வரலாற்று அலுவலர் மார்லா மக்கிவர்ஸ் அவனிடம் மனத்தைப் பறிகொடுக்கிறாள். கப்பலைக் கைப்பற்ற அவனுக்கு உதவுகிறாள். கேர்க்கின் உயிர் போகப் போகிறது என்னும் கட்டத்தில் மனம் பொறுக்காமல் கேர்க்கைக் காப்பாற்றவும் செய்கிறாள். முடிவில் அவள் முன்னால் இரண்டு வழிகள் வைக்கப்படுகின்றன: இராணுவ விசாரணை, அல்லது கானோடு சேர்ந்து ஆளில்லாத கிரகத்துக்குப் போவது. அவள் கானோடு போகிறாள்.

பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு படத்தில் நாம் காணும் கிரகம் புழுதிக்காடு. அவர்களை இறக்கிவிட்ட ஆறே மாதத்தில் பக்கத்துக் கிரகம் வெடித்து, இவர்களுடைய கிரகத்தின் பாதையே மாறிவிட்டது. மிஞ்சிய ஒரே உயிரினம் காதுக்குள் புகுந்து மூளையைப் பற்றும் ஒரு புழு. கானின் ஆட்களில் இருபது பேரை அது கொன்றிருக்கிறது. அந்த இருபதில் ஒருத்தி அவனுடைய மனைவி. அவளை 'என் அன்பு மனைவி' என்றுதான் கான் சொல்கிறான். மார்லா என்ற பெயர் படம் முழுவதும் ஒருமுறைகூட உச்சரிக்கப்படுவதில்லை.

இப்போது யோசித்துப் பாருங்கள். அந்தக் கிரகத்தில் கால் வைத்தவர்களில் ஸ்டார்ஃப்ளீட் சீருடை போட்டிருந்தவர் யார்? அவள் ஒருத்திதான். ஆகவே அந்தத் துண்டு அவளுடையது என்று நான் கொள்கிறேன். படத்தை நேசிக்கும் பலரும் அப்படித்தான் கொள்கிறார்கள். கேர்க் விட்டுப்போன சரக்குப் பெட்டியில் இருந்து பெயர்த்தெடுத்ததாகவும் இருக்கலாமே என்று ஒருவர் என்னோடு வாதாடினார். இருக்கலாம். ஆனால் பெட்டியில் இருந்து பெயர்த்த தகட்டை ஒருவன் சட்டைக்கு மேலே குத்திக்கொள்வான். இவன் தோலோடு உரசும்படி நெஞ்சுக்குழியில் போட்டிருக்கிறான். எங்கள் பெண்கள் தாலியை அணியும் இடம் அது. அந்த இடத்தில் வெற்றிச் சின்னத்தை யாரும் போட்டுக்கொள்வதில்லை.

அணி செய்பவன் என்ற முறையில் இன்னும் சிலவற்றைச் சொல்ல வேண்டும். உடை வடிவமைத்தவர் ரொபர்ட் ஃப்ளெச்சர். கப்பலில் இருந்த இருக்கை உறைகளையும் மின்கருவிப் பாகங்களையும் பிய்த்தெடுத்துத் தாங்களே உடுப்பாக்கிக்கொண்டவர்கள்போல அந்தக் கூட்டம் தோன்ற வேண்டும் என்பது அவருடைய எண்ணம். கானின் உடம்பில் இருப்பதெல்லாம் எங்கிருந்தோ எடுத்து வேறொன்றாக்கியவை. அவற்றுக்கு நடுவில் பதக்கத்தைப் பாருங்கள். அது ஒன்றுதான் எதுவாகவும் மாற்றப்படவில்லை. உடைந்தது உடைந்தபடி தொங்குகிறது. அதற்கு மெருகு போட்டுச் சட்டம் கட்டியிருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்கவே மாட்டேன்.

உடுப்பின் கழுத்து வயிறு வரைக்கும் திறந்திருப்பதும் அந்தத் துண்டுக்காகவே வெட்டியதுபோல அமைந்திருக்கிறது. ரிக்கார்டோ மொன்டல்பான் 1920இல் பிறந்தவர். படம் வந்தபோது அறுபதைக் கடந்துவிட்டார். அந்த மார்பு ஒட்டுவேலை என்று அப்போது பேச்சு அடிபட்டது. இயக்குநர் நிக்கலஸ் மேயர் அது அவருடைய சொந்த உடம்புதான் என்று சொல்லியிருக்கிறார். நடிகர் மூச்சு வாங்கும்போது பதக்கம் ஏறி இறங்குகிறது. ஒட்டுவேலையில் அது வராது.

மகனோடு திரும்பப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கேர்க்கும் கானும் படம் முழுவதும் ஒருமுறைகூட நேருக்கு நேர் சந்திப்பதில்லை. திரை வழியாகவோ தொடர்புக் கருவி வழியாகவோ மட்டுமே பேசிக்கொள்கிறார்கள். கேர்க்கின் நெஞ்சில் முழுச் சின்னம். கானின் நெஞ்சில் உடைந்த சின்னம். மனைவியின் சாவுக்குக் கேர்க்கைக் குற்றம் சாட்டுகிறவன், அந்தச் சாட்சிப் பொருளைத் திரை நிறையக் காட்டிக்கொண்டே பேசுகிறான். கேர்க் கடைசிவரை அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அதுதான் எனக்கு நெஞ்சை அடைக்கிறது.

கேள்வி: நம் வடமோடிக் கூத்தில் துரியோதனனுக்கும் தருமருக்கும் ஒரே மாதிரித்தான் முடி, ஒரே மாதிரித்தான் மார்புப் பதக்கம். வில்லனுக்கென்று தனிச்சின்னம் நம் மரபில் கிடையாது. பிறகு ஏன் இந்தப் பேச்சு?
(வாசகர், வந்தாறுமூலை)

பதில்: நல்ல இடத்தில் பிடித்தீர்கள். எங்கள் கூத்துக் களரியில் அரசன் என்றால் அரசன். விரிந்து நிற்கும் கரப்புடுப்பு, கண்ணாடித் துண்டு பதித்த முடி, தோளில் அணியும் புயம், மார்புப் பதக்கம், எல்லாம் இரண்டு பக்கத்து அரசர்களுக்கும் உண்டு. பெற்றோமாக்ஸ் வெளிச்சத்தில் அந்தக் கண்ணாடிகள் இரண்டு பேருக்கும் ஒரே அளவில்தான் மின்னின. கெட்டவன் என்பதால் நான் ஒருபோதும் கண்ணாடியைக் குறைத்து ஒட்டியதில்லை. யார் எப்படிப்பட்டவன் என்பதைத் திரை விலகும்போது வரும் வரவு ஆட்டமும் அவன் தன்னைப் பற்றிப் பாடும் பாட்டும் சொல்லிவிடும்.

ஆனால் நீங்கள் சொன்னதே நான் சொல்ல வந்ததற்கு ஆதாரம். நம் முன்னோர் கெட்டவனுக்கும் அரச மரியாதையைக் கொடுத்து வைத்தார்கள். அவன் விழும்போது பார்ப்பவர்களுக்கு வலிக்க வேண்டும் என்பதற்காகத்தான். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் மேடையேற்றிய இராவணேசன் என்ற கூத்து அதை எங்கே கொண்டுபோனது என்று உங்களுக்குத் தெரியும். இராவணனாக ஆடியவர் நம் மட்டக்களப்பின் மௌனகுரு. மகனைப் பறிகொடுத்த தகப்பனாக இராவணன் நிற்கும்போது அவன் மார்பில் இருக்கும் பதக்கம் யாருடைய கண்ணுக்கு இலங்கேசனின் பதக்கமாகத் தெரியும்?

கானின் துண்டும் அதே வேலையைத்தான் செய்கிறது. பொதுவான அணியை வைத்து ஆட்டத்தால் துயரத்தைக் காட்டுவது நம் வழி. துயரத்தையே அணியாக்கித் தொங்கவிடுவது அவர்கள் வழி. பார்வையாளனுக்கு மிக அருகில் கமரா போய் நிற்கக்கூடிய கலைக்கு அது பொருந்தும். இரவு முழுக்க வட்டக் களரியைச் சுற்றி இருந்து பார்க்கும் கூட்டத்துக்கு அவ்வளவு சிறிய பொருள் எட்டாது. கூத்திலும் இனி வில்லனுக்குத் தனிச்சின்னம் போடலாமா என்று அண்மையில் ஓர் இளைஞர் கேட்டார். வேண்டாம் என்றேன். இப்போதும் அதையே சொல்கிறேன்.

கேள்வி: ஸ்டார் ட்ரெக்கில் நல்லவரான ஸ்பொக் அணியும் ஒரு முக்கோணப் பதக்கமும் உண்டு. அது ஏன் மனத்தில் நிற்கவில்லை?
(மாணவர், ஏறாவூர்)

பதில்: தம்பி, அந்தப் பதக்கத்தின் பின்னால் உள்ள கதையைச் சொன்னால் விளங்கிவிடும். வட்டமும் முக்கோணமும் சேர்ந்து நடுவில் ஒரு வெள்ளைக் கல். முடிவில்லாத வேற்றுமைகள் முடிவில்லாத விதங்களில் சேர்வதுதான் அழகு என்பது அதன் தத்துவம். தத்துவம் அருமையானது. 1968 ஒக்டோபர் 18இல் ஒளிபரப்பான அத்தியாயத்தில் அது முதலில் வந்தது. ஆனால் தொடரை உருவாக்கிய ஜீன் ரொடன்பெரி அதைத் தபால்வழி விற்பனைக்கும் கொண்டுவர எண்ணியிருந்தார். நடிகர்களுக்கு அது தெரிந்துவிட்டது. வில்லியம் ஷட்னர் அந்தக் காட்சியின் வசனத்தைப் பேச மறுத்தார். லெனர்ட் நிமோயும் முரண்டு பிடித்து, வசனம் திருத்தி எழுதப்பட்ட பிறகே நடித்தார். பதக்கம் பிறகு விற்பனைக்கும் வந்தது.

விற்பதற்குச் செய்தது என்பதால் மட்டும் ஒரு பொருள் கெட்டுவிடாது. நானும் விற்கிறவன்தான். ஆனால் கதைக்குள் அந்தப் பதக்கத்தை யாரும் இழக்கவில்லை, யாரும் தேடவில்லை, யாருடைய கையிலிருந்தும் அது யாருக்கும் வரவில்லை. ஸ்பொக் ஒருநாள் போட்டுக்கொண்டு வருகிறார், அதன் பொருளை விளக்குகிறார், அவ்வளவுதான். கானின் துண்டை ஒருவரும் விளக்கவில்லை. நாம் தேடிப்போய்க் கண்டுபிடிக்கிறோம். பதினைந்து ஆண்டுகளுக்கு முந்திய ஒரு கதையை ஞாபகத்திலிருந்து எடுத்துக்கொண்டு வந்தால்தான் அது பேசும். அந்த உழைப்பைப் பார்வையாளனிடம் கேட்டிருக்கிறார்கள். கேட்டதற்காக நான் நன்றி சொல்கிறேன்.

கேள்வி: 2013 படத்தில் பெனடிக்ட் கம்பர்பாட்ச் நடித்த கானுக்கு அந்தப் பதக்கம் ஏன் இல்லை?
(வாசகர், கல்முனை)

பதில்: அந்தக் கதையில் வனவாசமும் இல்லை, மனைவியும் இல்லை. பிறகு எதைத் தொங்கவிடுவது?

கேள்வி: விஞ்ஞானப் புனைகதைத் தொடர்களில் வரும் தீயவர்களின் சின்னங்களில் உங்களைப் பயமுறுத்தியது எது?
(வாசகி, அக்கரைப்பற்று)

பதில்: பூமியைக் குத்தி நிற்கும் வாள் பலருக்கு ஞாபகம் வரும். 1967 ஒக்டோபரில் வந்த ஸ்டார் ட்ரெக் அத்தியாயத்தில், நல்லவர்கள் எல்லாரும் கொடியவர்களாக இருக்கும் கண்ணாடி உலகத்தில், அந்தக் கொடிய பேரரசின் அடையாளம் அது. பார்த்த உடனேயே விளங்கிவிடுகிறது. விளங்கிவிடுவதால் பயம் நிற்பதில்லை.

எனக்கு உண்மையாகவே உடம்பு கூசியது 1983 மே மாதம் அமெரிக்கத் தொலைக்காட்சியில் இரண்டு இரவுகள் வந்த 'வி' என்ற கதையைப் பின்னாளில் பார்த்தபோதுதான். வேற்றுலகத்தார் நண்பர்கள் என்று சொல்லிக்கொண்டு இறங்குகிறார்கள். அவர்களுடைய சின்னம் நாஸிகளின் சின்னத்தை ஞாபகப்படுத்தும்படி வேண்டுமென்றே வரையப்பட்டது. கதையை எழுதி இயக்கிய கெனத் ஜோன்சன் ஃபாசிசம் ஒரு நாட்டுக்குள் எப்படி நுழைகிறது என்பதைத்தான் காட்ட நினைத்தார். அந்தச் சின்னத்தை வேற்றுலகத்தார் அணிவது பெரிதில்லை. பக்கத்து வீட்டு இளைஞன் டேனியல் அணிகிறான். வேலை இல்லாதவன், ஊரில் மதிப்பில்லாதவன். சின்னம் ஏறியதும் நடையே மாறுகிறது. தன் வீட்டிலேயே மறைந்திருந்த ஒரு விஞ்ஞானியின் குடும்பத்தைக் காட்டிக்கொடுக்கிறான். அவனுடைய தாத்தா நாஸி வதைமுகாமிலிருந்து பிழைத்து வந்த யூதர்.

அக்கரைப்பற்றில் இருந்து எழுதும் உங்களுக்கு இதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் வயதுக்காரர்கள் சின்னங்களைத் தூரத்திலிருந்தே படித்துப் பழகியவர்கள். போர்க்காலத்தில் சோதனைச் சாவடியில் நிற்பவரின் தோளிலும் தொப்பியிலும் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு, எந்த மொழியில் வாய் திறப்பது, பையை எந்தக் கையில் பிடிப்பது, சைக்கிளை எத்தனை அடி முன்னால் உருட்டி இறங்குவது என்று முடிவு செய்துகொண்டு போவோம். முகத்தைப் பார்ப்பது அதற்குப் பிறகுதான். ஒரு சின்னத்துக்கு அவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்பதை எங்களுக்கு எந்தத் தொடரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1990களில் வந்த பபிலோன் 5 தொடரில் மனம் படிக்கும் ஆற்றல் உள்ளவர்கள் கிரேக்க எழுத்து ஒன்றைச் சின்னமாகக் குத்திக்கொண்டு, கையுறை போட்டுத்தான் நடமாடுவார்கள். அவர்களை ஆளும் அமைப்பின் கொடிய கையாள் பெஸ்டர். நடித்தவர் வோல்டர் கோனிக். இவர்தான் ஸ்டார் ட்ரெக்கில் கேர்க்கின் கப்பல் அலுவலராக வரும் செகோவ்! கானின் பாழடைந்த பெட்டிக்குள் பொட்டனி பே என்று எழுதிய பட்டியைக் கண்டு நடுங்கி ஓடப் பார்ப்பவரும் அவரே. (கோனிக் தொடரில் சேர்ந்தது இரண்டாம் பருவத்தில். முதல் பருவத்து அத்தியாயத்தில் வந்த கான் படத்தில் அவர் முகத்தை அடையாளம் கண்டுகொள்வது ரசிகர்களின் தீராத வழக்கு.) பெஸ்டராக வரும்போது கோனிக் இடது கையை விரித்துக் காட்டவே மாட்டார். விரல்கள் மடங்கியபடியே இருக்கும். சின்னம் பளபளவென்று இருக்கிறது, கை செத்துக் கிடக்கிறது. இரண்டையும் ஒரே உடம்பில் வைத்த அந்த நடிப்பை கூத்துப் பழக்கும் எங்கள் அண்ணாவிமார் யாராவது பார்த்திருந்தால் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தியிருப்பார்கள்.

கேள்வி: பாடசாலை நாடகத்துக்காக விஞ்ஞானக் கதை ஒன்று எழுதியிருக்கிறோம். தன் கிரகத்தை இழந்த ஒருவன் நம் கிரகத்தைப் பழிவாங்க வருகிறான். வில்லனுக்குப் பதக்கம் செய்ய வேண்டும். பிள்ளைகள் மட்டையில் மண்டையோடு வரைந்து தந்தார்கள். எனக்குத் திருப்தியில்லை. செலவும் கூடாது. வழி சொல்லுங்கள்.
(ஆசிரியை, திருக்கோவில்)

பதில்: ரீச்சர், மண்டையோட்டைத் தள்ளி வையுங்கள். அதை ஆயிரம் சட்டைகளில் பார்த்துவிட்டோம். முதலில் பிள்ளைகளை உட்காரவைத்து ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: இவன் கிரகம் அழிந்தபோது இவன் கையில் என்ன இருந்தது? ஒரு பிள்ளை தங்கையின் சங்கிலி என்று சொல்லும், இன்னொன்று வீட்டுக் கதவின் பிடி என்று சொல்லும். எது சொல்லும்போது வகுப்பு அமைதியாகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பாதிதான் பதக்கம். மற்றப் பாதி எங்கே போனது என்று நாடகத்தில் யாரும் பேசக் கூடாது.

செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். நான் சொன்ன அந்த ஸ்டார் ட்ரெக் படமே முதல் படத்தின் செலவில் ஏறத்தாழ கால்பங்கில் எடுத்ததுதான். முதல் படத்தில் மிஞ்சிய சீருடைகளுக்குச் சாயம் போட்டுத் திரும்பவும் உடுத்தினார்கள்.

செய்முறை இது. வெறும் பால்மாப் பேணி ஒன்றின் பக்கத் தகரத்தை வெட்டித் தட்டையாக்குங்கள். மேடைக்கு உள்ளங்கை அளவாவது வேண்டும். அதற்குக் குறைந்தால் மூன்றாவது வரிசைக்குமேல் தெரியாது. வேண்டிய வடிவத்தைப் பின்பக்கத்தில் வரைந்து, அடியில் பழைய செருப்பு ரப்பரை வைத்து, மை முடிந்த குமிழ்முனைப் பேனையால் அழுத்தி இழுத்தால் முன்பக்கத்தில் புடைத்து வரும். சுத்தியல் தேவையில்லை. பிறகு பாதியாக உடைக்க வேண்டும். கத்தரியால் நேராக வெட்டாதீர்கள். வெட்டிய கோடு எவ்வளவு தூரத்திலும் வெட்டிய கோடாகவே தெரியும். குறட்டால் பிடித்து முன்னும் பின்னும் மடக்குங்கள், தகரம் களைத்துத் தானே கிழியும். அந்தக் கிழிசலின் கோணல்தான் உங்களுக்கு வேண்டும். இதை நீங்களே செய்யுங்கள், பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம்.

புதுத் தகரத்தின் மினுக்கம் வில்லனுக்கு ஆகாது. கறுப்புச் சப்பாத்துப் பொலிஷை முழுவதும் பூசி ஓரிரவு விட்டுவிட்டுக் காலையில் பழந்துணியால் துடையுங்கள். பள்ளங்களில் கறுப்பு நிற்கும், மேடுகள் மட்டும் வெளிச்சத்தைப் பிடிக்கும். பத்து வருடம் கழுத்தில் கிடந்த பொருளைப் போல ஆகிவிடும்.

தொங்கவிடுவதற்குச் சங்கிலி வாங்காதீர்கள். சைக்கிள் ரியூப்பை மெல்லிய பட்டியாக வெட்டிக் கோத்தால் முறுகாது, சத்தமும் போடாது. தொங்கும் உயரம் முக்கியம். நெஞ்செலும்பு முடியும் இடத்துக்கு ஒரு விரல் மேலே நிற்கட்டும். அதற்குக் கீழே போனால் பிள்ளை கையை வீசும்போது தட்டும், குனிந்தால் ஊஞ்சல் ஆடும். கூத்தில் நாங்கள் பதக்கத்தின் கீழ் மூலைகளை உடுப்போடு சேர்த்துத் தைத்துவிடுவோம். துள்ளி ஆடுகிற அரசனுக்கு அது வேண்டும். உங்கள் வில்லன் ஆடப்போவதில்லை, நிற்கப்போகிறான், ஆகவே தைக்காமல் விடுங்கள். அது அசையட்டும்.

சட்டை கறுப்பாக இருந்தால் பதக்கம் மறைந்துவிடும். பழைய சாக்குத் துணியைத் தேயிலைச் சாயத்தில் தோய்த்து உடுத்தினால் நிறம் பொருந்தும். கதாநாயகன் பக்கத்தவர்களுக்கும் அதே வடிவத்தில் உடையாத சின்னங்களை மட்டையில் செய்து ஈயத்தாள் ஒட்டிக் கொடுங்கள், ஆனால் அளவில் சிறியதாக இருக்கட்டும்.

இன்னொரு வேண்டுகோள். நடிக்கும் பிள்ளைக்கு அரங்கேற்ற நாளில் பதக்கத்தைக் கொடுக்காதீர்கள். ஒத்திகை தொடங்கும் நாளிலேயே கொடுத்துவிடுங்கள். நம் கூத்தில் சதங்கை அணிந்த நாளிலிருந்துதான் ஆட்டக்காரனின் கால் மாறும், அதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சில கிழமைகள் கழுத்தில் கிடந்தால் பிள்ளையின் கை தானாக ஒரு நேரம் அதைத் தொடும். எந்த வசனத்தில் தொடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நாடகம் முழுவதிலும் அந்த ஓர் இடத்தில் மட்டும் தொடச் சொல்லுங்கள்.

ஒத்திகைக்குக் கொடுக்கு முன்னர் தகரத்தின் கிழிந்த விளிம்பை அரத்தால் நன்றாகத் தேய்த்து, பின்பக்கம் முழுவதும் தடித்த துணி ஒட்டிவிடுங்கள். பசை காய ஒரு பகல் போதும். விளிம்பில் உங்கள் விரலை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளையின் கழுத்தில் போட வேண்டும்.